வெளியார் கொண்டுவந்த ஜனநாயகம் எங்கே நிலைத்தது?

1946 பிப்ரவரி 4. தோக்கியோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கட்டடம் அமெரிக்க ஆக்கிரமிப்புப் படையின் தலைமையகமாக மாறியிருந்தது. அங்கே சுமார் இரண்டு டஜன் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வேலை கொடுத்தார்கள். ஜப்பானுக்கு அரசியலமைப்புச் சட்டம் எழுத வேண்டும், ஒரு வாரத்துக்குள். கூடியிருந்தவர்களில் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ராணுவ அதிகாரிகள் இருந்தார்கள். அரசியலமைப்புச் சட்டத்தில் புலமை பெற்றவர் என்று யாரும் இல்லை. பெண்கள் உரிமை பற்றிய பகுதி 22 வயது பெஆதே சிரோத்தாவிடம் போனது. சிறுமியாகத் தோக்கியோவில் வளர்ந்தவர். ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு நகரத்தில் எரியாமல் மிஞ்சிய நூலகங்களுக்குப் போய், கிடைத்த நாடுகளின் அரசியலமைப்புச் சட்டங்களை அள்ளிக்கொண்டு வந்தார். பிப்ரவரி 13 அன்று வரைவு ஜப்பானிய அமைச்சர்கள் கைக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு மே 3 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து அதில் ஒரு சொல்கூடத் திருத்தப்படவில்லை.

ஜனநாயகத்தை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்று நம்புகிறவர்கள் எப்போதும் எடுத்து நீட்டும் கதை இது. 2003 பிப்ரவரி 26 அன்று, இராக் போருக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் இதைத்தான் நீட்டினார். ஜப்பானியரும் ஜெர்மானியரும் ஜனநாயகத்துக்கு ஒத்துவர மாட்டார்கள் என்று ஒரு காலத்தில் பலர் சொன்னார்கள், அது பொய்யாகவில்லையா என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு கணக்கும் அதே ஆண்டில் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அமெரிக்கா படையோடு போய் ஆட்சியை மாற்றி, புதிய அரசைக் கட்ட முயன்ற 16 முயற்சிகளை வாஷிங்டனில் உள்ள கார்னகி அமைப்பின் ஆய்வு ஒன்று எடுத்துப் பார்த்தது. படை வெளியேறிப் பத்தாண்டு கழிந்த பிறகும் ஜனநாயகம் மிஞ்சியிருந்த இடங்கள் நான்கு. ஜப்பான், மேற்கு ஜெர்மனி, கிரெனடா, பனாமா. கடைசி இரண்டும் குட்டி நாடுகள்.

அந்த இரண்டு பெரிய வெற்றிகளுக்குச் சொல்லப்படும் காரணங்கள் பழகிப்போனவை. இரண்டும் தொழில்மயமான நாடுகள், எழுத்தறிவு மிக்கவை, அரசு எந்திரம் சிதையாதவை, தோல்வியைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒப்புக்கொண்டவை. எல்லாம் சரிதான். ஆனால் இந்தப் பட்டியலோடு நின்றுவிட்டால் ஒரு முக்கியமான சங்கதி கண்ணில் படாமல் போய்விடுகிறது. தோற்றுப்போய்ச் சரணடைந்த இந்த இரண்டு நாட்டுக்காரர்களும், ஜனநாயகம் கொண்டுவந்த வெற்றியாளரிடம் "இதை ஏற்க மாட்டோம்" என்று சொன்னார்கள். அந்த மறுப்பு பல இடங்களில் எடுபட்டது.

தோற்றவர்கள் திருத்திய சட்டம்

ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வரைவில் நாடாளுமன்றத்துக்கு ஒரே அவை. இரண்டு வேண்டும் என்று ஜப்பானியர்கள் விடாப்பிடியாக நின்றார்கள், இரண்டு வந்தது. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஆரோக்கியமான, பண்பட்ட வாழ்க்கைக்கான குறைந்தபட்சத் தரம் உண்டு என்று சொல்லும் 25ஆவது பிரிவின் முதல் வாசகம் அமெரிக்கர் எழுதியது கிடையாது. 1946இல் நாடாளுமன்ற விவாதத்தின்போது சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் சேர்த்தது.

அந்த "ஒரு வாரக் கதை"க்கும் முன்கதை உண்டு. 1945 டிசம்பர் இறுதியில் சுசுகி யசுசோ என்ற அறிஞரும் அவருடைய நண்பர்களும் சொந்தமாக ஒரு வரைவு எழுதி வெளியிட்டிருந்தார்கள். இறையாண்மை மக்களுடையது, பேரரசர் சடங்குகளுக்கு மட்டும் என்பது அதன் சாரம். ஆக்கிரமிப்புத் தலைமையகம் அதை மொழிபெயர்த்துப் படித்து, குறிப்பு எழுதி வைத்திருந்தது. சுசுகி அந்தச் சிந்தனைகளை எங்கிருந்து எடுத்தார்? 1880களில் ஜப்பானின் மக்கள் உரிமை இயக்கத்தார் எழுதி, அரசு தூக்கியெறிந்த வரைவுகளிலிருந்து. ஆக, 1946இல் அமெரிக்கர் கொடுத்ததில் ஒரு பங்கு, ஜப்பானியர் அறுபது ஆண்டுகளுக்கு முன் கேட்டுக் கிடைக்காமல் போனது. 1890இலேயே அங்கே நாடாளுமன்றத் தேர்தல் நடந்துவிட்டது. 1925இல் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. கட்சி ஆட்சியும் இருந்தது, 1932இல் ராணுவத்தினர் பிரதமரைச் சுட்டுக்கொல்லும் வரை.

இங்கே என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மார்ச் 4 இரவு முழுக்க இரு தரப்பும் உட்கார்ந்து வரைவை வரிவரியாகப் பார்த்தபோது, பெண்களுக்குச் சம உரிமை தரும் பிரிவை ஜப்பானிய அதிகாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். எங்கள் பண்பாட்டுக்குப் பொருந்தாது என்றார்கள். அங்கே அமெரிக்கர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அறையிலிருந்த ஜப்பானியர் எல்லாரும் ஆண்கள். அடுத்த மாதமே, ஏப்ரல் 10 அன்று, ஜப்பானியப் பெண்கள் முதல்முறையாக வாக்களித்து 39 பெண்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். "பண்பாடு" என்ற பெயரில் மறுப்பவர் யார் சார்பில் மறுக்கிறார் என்று எப்போதும் கேட்டாக வேண்டும். பின்னால் இலங்கைக் கதையில் இது மறுபடி வரும்.

ஜெர்மனியில் மறுப்பு இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1948 ஜூலை 1 அன்று பிராங்க்பர்ட்டில் மூன்று நேச நாடுகளின் ராணுவ ஆளுநர்கள் மேற்கு ஜெர்மனியின் மாநில முதல்வர்களைக் கூப்பிட்டு, அரசியல் நிர்ணய சபையைக் கூட்டுங்கள் என்றார்கள். முதல்வர்கள் கூடிப் பேசிவிட்டு வந்து சொன்ன பதில்: நாடு இரண்டாகக் கிடக்கும்போது அரசியலமைப்புச் சட்டம் எழுதினால் பிரிவினைக்கு நாங்களே முத்திரை குத்தியதாகிவிடும், வேண்டுமானால் தற்காலிகமாக ஓர் "அடிப்படைச் சட்டம்" எழுதித் தருகிறோம், பொது வாக்கெடுப்பும் கிடையாது. ஆளுநர்கள் கோபப்பட்டார்கள், கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு, மத்திய அரசுக்கு எவ்வளவு நிதி அதிகாரம் என்ற சண்டை வந்தது. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் குர்ட் ஷூமாக்கர், நேச நாடுகள் சொல்வதை ஏற்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். இறங்கி வந்தது நேச நாடுகள்தான். நாஜிகளின் வதைமுகாம்களில் பல ஆண்டுகள் கிடந்த மனிதரைக் கைப்பாவை என்று எந்த ஜெர்மானியரும் சொல்ல முடியாது. 1949 மே 23 அன்று வெளியிடப்பட்ட அந்தச் சட்டத்தில், புதிய பிரதமரைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே பழையவரைக் கவிழ்க்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் ஜனநாயகமான வைமார் குடியரசு 1933இல் எப்படி விழுந்தது என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அவசியம் தெரியும்.

மறுத்தால் கலைப்பு

எதிர்முனைக் கதை ஹைத்தி. 1915இல் அமெரிக்கக் கடற்படையினர் அங்கே இறங்கினார்கள். அதிபர் உட்ரோ வில்சன் ஜனநாயகத்தைப் பற்றி உயர்வாகப் பேசியவர். லத்தீன் அமெரிக்கக் குடியரசுகளுக்கு நல்ல மனிதர்களைத் தேர்ந்தெடுக்கக் கற்றுத்தரப் போவதாகவும் அவர் சொன்னதாகப் பதிவு உண்டு. ஹைத்திக்கு வாஷிங்டன் தயாரித்த அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு விஷயம் உறுத்தியது. வெளிநாட்டார் நிலம் வாங்கலாம் என்றது அது. அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு பிறந்த அந்த நாடு 1805 முதல் கட்டிக்காத்த தடை அது. 1917இல் ஹைத்தி தேசிய சபை புதிய சட்டத்தை ஏற்க மறுத்தது. சபை கலைக்கப்பட்டது. மறு ஆண்டு, பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத நாட்டில், கடற்படையினர் கண்காணிப்பில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்து விழுந்த வாக்குகள் ஆயிரத்துக்கும் குறைவு. அந்தச் சட்டத்தைத் தாமே எழுதியதாகப் பிற்பாடு ஒரு தேர்தல் மேடையில் பெருமையடித்துக்கொண்டவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அப்போது அவர் துணை அதிபர் வேட்பாளர். 1934 வரை படை அங்கேதான் இருந்தது.

அதே காலத்தில் நிகராகுவாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் நடந்தது, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. உள்ளூர்க் கட்சிக்காரர்கள் துப்பாக்கியும் கையுமாக அடித்துக்கொள்கிறார்கள், எந்தக் கட்சியையும் சாராத காவல்படை ஒன்று இருந்தால் தேர்தல் ஒழுங்காக நடக்கும் என்று அமெரிக்கர் கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பில்லை. படையை உருவாக்கினார்கள், பயிற்சி கொடுத்தார்கள், நல்ல துப்பாக்கி கொடுத்தார்கள், பிறகு கிளம்பினார்கள். நாடாளுமன்றம், நீதிமன்றம், கட்சி எல்லாம் நோஞ்சானாக இருக்க, படை மட்டும் பலத்தோடு நின்றது. டொமினிக்கன் படைத்தலைவர் ட்ருஹியோ 1930இல் ஆட்சியைப் பிடித்து 1961இல் கொல்லப்படும்வரை விடவில்லை. நிகராகுவா தேசியக் காவல்படைத் தலைவர் சொமோசாவின் குடும்பம் 1979 வரை நாட்டை வைத்திருந்தது. வெளியார் எதைக் கட்டினாலும், அவர்களுக்குச் சீக்கிரம் கட்ட வருவது படைதான். அதைக் கேள்வி கேட்கும் நிறுவனங்கள் வளரத் தலைமுறை பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் சர்வாதிகாரி பிறக்கிறான்.

உருவாக்குவது இவ்வளவு கடினம். உடைப்பதோ வெளியாருக்குச் சில வார வேலை. 1953இல் ஈரானில் நாடாளுமன்றத்தின் ஆதரவோடு ஆட்சியிலிருந்த பிரதமர் மொசாத்தேக்கை சி.ஐ.ஏ.வும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து கவிழ்த்தன. மறு ஆண்டு குவாத்தமாலாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் அர்பென்ஸுக்கும் அதே கதி. இவற்றைக் கண்டவர்கள், ஜனநாயகம் கொண்டுவருகிறோம் என்று அதே தலைநகரிலிருந்து வரும் குரலைச் சந்தேகத்தோடு கேட்பதில் வியப்பு என்ன?

இராக்கில் வாக்குப்பெட்டியைக் கேட்டவர் யார்?

இராக்கைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக இரண்டு ஆணைகளிலிருந்து தொடங்குவார்கள். 2003 மே மாதத்தில், ஒரே வார இடைவெளியில், ஆக்கிரமிப்பு நிர்வாகி பால் பிரெமர் பிறப்பித்தவை. முதலாவது, சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்டத்தினரை அரசு வேலையிலிருந்து நீக்கியது. இரண்டாவது ராணுவத்தைக் கலைத்தது. பள்ளி ஆசிரியர் முதல் பொறியாளர் வரை வேலை போயிற்று, லட்சக்கணக்கான ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள் சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். கிளர்ச்சிக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு வேலை மிச்சம். ஜப்பானில் பேரரசரையும் அதிகாரிகளையும் வைத்துக்கொண்டே ஆட்சியை மாற்றிய அனுபவம் புஷ்ஷின் உரையில் இருந்தது, பாக்தாத்தில் இல்லை.

ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு நிகழ்ச்சி என்னை ஈர்க்கிறது. பிரெமரின் திட்டப்படி அரசியலமைப்புச் சட்டத்தை எழுதுபவர்களை நியமிப்பதாக இருந்தது. 2003 ஜூனில் நஜஃப் நகரத்தின் மூத்த ஷியா மதகுரு அலி சிஸ்தானி ஒரு ஃபத்வா வெளியிட்டார். சட்டம் எழுதுகிறவர்களை இராக் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆக்கிரமிப்பாளருக்கு அவர்களை நியமிக்க உரிமை இல்லை என்றார். நவம்பரில் பிரெமர் மாற்றுத் திட்டம் கொண்டுவந்தார். மாகாணம்தோறும் பொறுக்கியெடுத்த குழுக்கள் கூடி இடைக்கால சபையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். சிஸ்தானி அதையும் ஏற்கவில்லை. 2004 ஜனவரியில் பாக்தாத் தெருக்களில் பெருங்கூட்டம் நேரடித் தேர்தல் கேட்டு நடந்தது. வாஷிங்டன் பணிந்தது. ஜனநாயகம் கொண்டுவருவதாகச் சொன்ன வல்லரசு தேர்தலைத் தள்ளிப்போட, தேர்தல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் தாடி வைத்த ஓர் ஆயத்துல்லா. எண்ணிக்கையில் ஷியாக்கள் அதிகம், தேர்தல் வந்தால் அவர்களுக்கு ஆட்சி என்ற கணக்கு அதில் உண்டு. இருக்கட்டும். கணக்கில்லாமல் யார் வாக்குரிமை கேட்டிருக்கிறார்கள்?

2005 ஜனவரி 30 அன்று தேர்தல் நடந்தது. இங்கே ஒரு நிர்வாகச் சௌகரியம் பெரிய விபரீதத்துக்கு வழி திறந்தது. மாகாணவாரியாக வாக்காளர் கணக்கெடுக்க நேரமில்லை என்று நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கி, கட்சிகள் பெற்ற வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைப் பிரித்தார்கள். சுன்னிகள் பெருமளவு தேர்தலைப் புறக்கணித்தார்கள். அன்பார் மாகாணத்தில் வாக்களித்தவர் 2 சதவீதம் அளவே. மாகாணத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கியிருந்தால், எவ்வளவு குறைவாக வாக்கு விழுந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் சபைக்குள் இருந்திருப்பார்கள். ஒரே தொகுதி என்றதால் அவர்கள் இடம் மற்றவர்களுக்குப் போயிற்று. அரசியலமைப்புச் சட்டம் அவர்கள் பெரும்பாலும் இல்லாத சபையில் எழுதப்பட்டது. டிசம்பர் தேர்தலில் முறையை மாற்றினார்கள். அதற்குள் காரியம் முடிந்திருந்தது.

அதற்குப் பின் உள்நாட்டுப் படுகொலைகள், இனவாரியாக அமைச்சகங்களைப் பங்குபோடும் ஏற்பாடு, அதன் வழியே பெருகிய ஊழல். 2010 தேர்தலில் அல்லாவியின் அணி 91 இடம், பிரதமர் மாலிகியின் அணி 89. நீதிமன்ற விளக்கம் ஒன்றின் துணையோடு மாலிகியே பிரதமராகத் தொடர்ந்தார். 2019இல் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், நூற்றுக்கணக்கானோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், பிரதமர் பதவி விலகினார். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு நா எழாது. போருக்குக் கொடுத்த விலையை வைத்துப் பார்த்தால் யாருக்கும் எழக்கூடாது. ஆனாலும் அங்கே தேர்தல் நின்றுவிடவில்லை, பிரதமர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் எவ்வளவு பங்கு அமெரிக்கப் படையுடையது, எவ்வளவு பங்கு அந்த ஃபத்வாவுடையது என்று கேட்டால், இரண்டாவதற்கே நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

ஆப்கானிஸ்தானில் மறுப்புக்கு இடமில்லாமல் போனது தொடக்கத்திலேயே தெரிந்தது. 2002 ஜூனில் காபூலில் லோயா ஜிர்கா என்ற மரபுவழிப் பெருஞ்சபை கூடியது. நாடு முழுவதிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். 1964இல் தாராளமான அரசியலமைப்புச் சட்டம் ஒன்றைத் தந்த முன்னாள் மன்னர் ஸாஹிர் ஷா நாட்டின் தலைவராக வேண்டும் என்று அவர்களில் நூற்றுக்கணக்கானோர் விரும்பினார்கள். கூட்டம் தள்ளிப்போடப்பட்டது. மன்னர் போட்டியில் இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அதை முதலில் வெளியிட்டவர் அமெரிக்காவின் சிறப்புத் தூதர் கலீல்ஸாத். கர்சாய் தேர்வானார். மன்னர் வந்திருந்தால் நிலைமை சீராகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தங்கள் முதல் முடிவை வேறொருவர் எடுத்துவிட்டார் என்று பிரதிநிதிகள் ஊர்திரும்பிச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான்.

2004இன் சட்டம் மாகாண ஆளுநர்களை நியமிக்கும் அதிகாரத்தைக்கூட அதிபர் கையில் கொடுத்தது. கிராமமும் பள்ளத்தாக்கும் தன்போக்கில் வாழ்ந்த நாட்டில் எல்லா நூலும் காபூலில் முடிச்சுப் போடப்பட்டது. அரசுச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெளிநாட்டு உதவியிலிருந்து வந்தது. வரி கொடுப்பவன் கணக்குக் கேட்பான் என்பது ஜனநாயகத்தின் பழைய சூத்திரம். இங்கே வரி கொடுத்தவர் வெளிநாட்டார், கணக்கும் அவர்களுக்கே போயிற்று. 2009 தேர்தலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் மோசடி என்று தள்ளப்பட்டன. 2014இல் வாக்கு எண்ணிக்கைத் தகராற்றை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி பறந்துவந்து தீர்த்துவைத்தார். அரசியலமைப்புச் சட்டத்தில் இல்லாத ஒரு பதவியை உருவாக்கித் தோற்றவருக்குக் கொடுத்தார்கள். 2019இல் கணக்கில் கொள்ளப்பட்ட வாக்குகள் மொத்தம் 18 லட்சம் சொச்சம். 2020 மார்ச் 9 அன்று காபூலில் இரண்டு பேர் தனித்தனியே அதிபராகப் பதவியேற்றார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்பே, தோஹாவில், காபூல் அரசை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு அமெரிக்கா தாலிபானோடு ஒப்பந்தம் போட்டு முடித்திருந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தபோது அந்த அரசுக்காகப் போராட யாரும் வீதிக்கு வரவில்லை. தேர்தலில் விரலில் மை வைத்துக்கொண்டதற்காகவே தாலிபானிடம் விரலை இழந்தவர்கள் இருந்த நாடு அது. வாக்குரிமையின் அருமை தெரியாத மக்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அந்த அரசைத்தான் அவர்கள் தம்முடையதாக எண்ணவில்லை.

பொறுப்பாளரின் ஊர்

படையெடுத்துப் பிடிக்காமல், நல்லெண்ணத்தோடு, பணமும் நிபுணர்களும் குறைவில்லாமல் செய்தால்? அதற்கு உதாரணம் போஸ்னியா. 1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகர விமானப்படைத் தளத்தில் மூன்று வாரம் பேசிப் போரை நிறுத்தினார்கள். அந்தச் சமாதான ஒப்பந்தத்தின் நான்காவது பின்னிணைப்புதான் இன்றைக்கும் அந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டம். ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மக்கள் வாக்கெடுப்புக்கு வைக்கப்படவில்லை. கொலை நின்றது என்ற ஒரே காரணத்துக்காக அதை மதிக்கலாம், மதிக்கவும் வேண்டும்.

ஆனால் போஸ்னியாவுக்கு மேலே ஒரு சர்வதேச உயர் பிரதிநிதி இருக்கிறார். 1997 டிசம்பர் முதல் அவருக்குச் சட்டங்களைத் தாமே பிறப்பிக்கவும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் பதவிநீக்கவும் அதிகாரம் உண்டு. 2004 ஜூனில் அப்போதைய உயர் பிரதிநிதி பேடி ஆஷ்டவுன் ஒரே நாளில் ஏறத்தாழ 60 பேரை நீக்கினார். போர்க்குற்றவாளிகளைப் பிடிக்க ஒத்துழைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. நோக்கம் நியாயமானது. விளைவைப் பாருங்கள். கசப்பான சட்டத்தை மேலே இருப்பவர் எப்படியும் பிறப்பித்துவிடுவார் என்று தெரிந்தால், எந்த உள்ளூர்த் தலைவர் எதிரணியோடு விட்டுக்கொடுத்துப் பேசுவார்? தம் இனத்துக்காக முறைத்துக்கொண்டு நின்றால் வாக்கு விழும், காரியத்தை அவர் பார்த்துக்கொள்வார். பொறுப்பாளர் இருக்கும்வரை பொறுப்பு வராது, பொறுப்பு வரும்வரை பொறுப்பாளர் போக மாட்டார்.

அந்தச் சட்டப்படி நாட்டின் தலைமை மூவரிடம். ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு குரோவாசியர், ஒரு செர்பியர். யூதரான யாகோப் பின்சியும் ரோமா இனத்தவரான தெர்வோ செய்திச்சும் தங்களால் போட்டியிடவே முடியாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009 டிசம்பரில் வென்றார்கள். தீர்ப்பு வந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சட்டம் திருந்தவில்லை. சமாதானத்துக்காக இனவாரியாகப் பூட்டிய பூட்டைத் திறக்க வேண்டியவர்கள், அந்தப் பூட்டால் பதவியில் இருப்பவர்கள்.

காலனி ஆட்சியும் ஒரு வகையில் இந்தக் கணக்கில் வரும். அதில் மிகச் சிக்கலான உதாரணம் இலங்கை. 1931இல் டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி அங்கே வயதுவந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே முதல்முறை. பிரிட்டனிலேயே பெண்களுக்குச் சமமான வாக்குரிமை வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. அதுவரை தீவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரே வாக்காளர்கள். அந்த 4 சதவீதத்துக்குள் இருந்த தலைவர்கள், சிங்களவரும் தமிழரும், அனைவருக்கும் வாக்கு வேண்டாம் என்றார்கள். பொன்னம்பலம் இராமநாதன் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கம் வாக்குரிமை கேட்டது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் வேறொரு திசையிலிருந்து மறுத்தது. முழு சுயராஜ்யம் இல்லாத திட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று அது முதல் தேர்தலையே புறக்கணிக்க வைத்தது. இங்கே யாருடைய மறுப்பைக் கேட்டிருக்க வேண்டும்? மேல்தட்டின் மறுப்பைக் கேட்காமல் விட்டது சரி என்றே நான் நினைக்கிறேன். சாதாரண மக்கள் தம் வாக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1956 தொடங்கி மீண்டும் மீண்டும் வாக்குச்சீட்டால் ஆட்சிகள் மாறின. தேர்தல் அந்த மண்ணுடையதாகவே ஆகிவிட்டது.

ஒட்டாமல் போனது இன்னொன்று. சுதந்திரத்தின்போது வந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆவது பிரிவு, எந்த இனத்தையும் மதத்தையும் தனித்துப் பாதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. 1948 பிப்ரவரியில் சுதந்திரம், அதே ஆண்டு இறுதிக்குள் குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழரில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள், மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வழக்கு அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான அதிகாரம், எனவே அந்தச் சட்டம் செல்லும் என்று 1953இல் தீர்ப்பு. 1972இன் புதிய அரசியலமைப்பில் அந்தப் பிரிவே காணாமல் போனது. வாக்குரிமைக்குக் கோடிக்கணக்கான சொந்தக்காரர்கள் உருவானார்கள். 29(2)க்குப் பெரும்பான்மையினரிடையே சொந்தக்காரர் போதுமான அளவில் உருவாகவில்லை. பெரும்பான்மை ஆட்சியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரலாம். பெரும்பான்மை தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் பழக்கம் அப்படி வந்து இறங்குவதில்லை.

கதவு திறந்திருந்தால்

வெளியிலிருந்து எதுவுமே செய்ய முடியாதா? முடிந்திருக்கிறது. 1988 அக்டோபர் 5 அன்று சிலியில் சர்வாதிகாரி பினோசே தம் ஆட்சியை நீட்டிக்க வாக்கெடுப்பு வைத்தார். "வேண்டாம்" அணிக்கு வெளிநாட்டுப் பணமும் தேர்தல் நுணுக்க உதவியும் வந்தன. 1970 முதல், பினோசேவுக்கு முன் தேர்தலில் வென்று ஆண்ட அயெண்டேயின் அரசைச் சீர்குலைக்க வேலை செய்த அதே வாஷிங்டனிலிருந்தும் வந்தது என்பது வேடிக்கை. ஆனால் வாக்குச்சாவடிதோறும் உட்கார்ந்து எண்ணிக்கையைக் குறித்து, தனியாகக் கூட்டி, அரசு பொய் சொல்ல முடியாமல் செய்தவர்கள் சிலிக்காரர்கள். ஏறத்தாழ 56 சதவீதம் "வேண்டாம்".

ஐரோப்பிய ஒன்றியம் 1993இல் கோபன்ஹேகனில் சேர்க்கைக்கு நிபந்தனைகள் வகுத்தது. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினர் பாதுகாப்பு இல்லாமல் உள்ளே வர முடியாது. 1997 இறுதியில் பிரதமர் மெச்சியாரின் சுலோவாக்கியாவை, அரசியல் நிபந்தனையில் தேறவில்லை என்று பேச்சுவார்த்தையின் முதல் சுற்றிலிருந்து ஒதுக்கினார்கள். அண்டை நாடுகள் எல்லாம் முன்னே போக நாம் மட்டும் வெளியே நிற்கிறோம் என்பதை வாக்காளர்கள் பார்த்தார்கள். 1998இல் பெருந்திரளாக வந்து வாக்களித்து ஆட்சியை மாற்றினார்கள். 2004இல் சுலோவாக்கியா உள்ளே. இதில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் புகவில்லை. சேர வேண்டுமா என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். இந்த வழிக்கும் எல்லை உண்டு என்பதை ஹங்கேரி காட்டியது. அதுவும் 2004இல் சேர்ந்ததுதான். 2010க்குப் பின் ஓர்பான் அரசு நீதித்துறையையும் ஊடகத்தையும் தன் பக்கம் வளைத்தபோது, உள்ளே வந்துவிட்டவரை என்ன செய்வது என்று தெரியாமல் பிரசல்ஸ் பல ஆண்டுகள் கையைப் பிசைந்தது. வாசலில் இருக்கும் பலம் கூடத்தில் இருப்பதில்லை.

இந்த வரிசையில் கடைசியாக ஓரிடம். 1993இல் சோமாலியாவில் ஐ.நா. படைகளும் நிபுணர்களும் பெரும் பொருட்செலவில் ஓர் அரசை உருவாக்க முயன்று கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு, வடக்கே தனியாகப் பிரிந்துபோன சோமாலிலாந்தில், போராமா என்ற ஊரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். செலவு பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுடையது. குலப் பெரியவர்களின் அவை ஒன்றை நாடாளுமன்றத்தின் மேலவையாக வைத்து ஆட்சிமுறையை வகுத்தார்கள். அந்த மேலவை தேர்தலே இல்லாமல் தன் ஆயுளை நீட்டிக்கொண்டே போனது என்பது அதன் குறை. 2003 ஏப்ரலில் அதிபர் தேர்தல். அப்போது உலகில் எந்த நாடும் சோமாலிலாந்தை அங்கீகரித்திருக்கவில்லை. தகராறு வந்தால் பறந்துவந்து தீர்த்துவைக்க ஒரு வெளியுறவு அமைச்சரும் இல்லை. முதலில் அறிவித்த முடிவின்படி, பதவியிலிருந்த தாஹிர் ரியாலே 80 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற அஹ்மது சிலான்யோவிடம் ஆதரவாளர்களும் இருந்தார்கள், ஊரில் துப்பாக்கிகளும் இருந்தன. அவர் நீதிமன்றம் போனார், தோற்றார், வீட்டுக்குப் போனார். 2010இல் மீண்டும் நின்று வென்றார். ரியாலே பதவியை ஒப்படைத்துவிட்டு இறங்கினார்.